வட்டில் வராத பகுதி

புதுவண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே ஒரு கணினி இருக்கிறது. அதில் யாரும் மின்னஞ்சல் பார்ப்பதில்லை. கணக்கு எழுதுவதும் இல்லை. குறுந்தகடு, டிவிடி, புளூ-ரே ஆகிய மூன்றையும் போட்டுக் கேட்கவும் பார்க்கவும் மட்டுமே, 2012ஆம் ஆண்டு ரிச்சி தெருவில் உதிரி உதிரியாக வாங்கி வந்து நானே பூட்டிய கணினி அது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா இருபது ஆண்டுகளாகச் சேர்த்த வட்டுகள் இரண்டு மர அலமாரிகளை நிறைத்திருந்தன. டிவிடிக்கு ஒரு கருவி, புளூ-ரேக்கு இன்னொரு கருவி என்று வாங்கி அடுக்குவதை விட, எல்லாவற்றையும் படிக்கும் ஒரே டிரைவைக் கணினியில் வைத்துவிடலாம் என்பது அன்றைய என் கணக்கு. அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் வட்டு மட்டும் பத்திரமாக இருந்தால் படம் முழுதாகப் பத்திரமாக இருக்கிறது என்று நான் நம்பியிருந்தேனே, அது தவறு.

டிவிடிக்கு அடுத்து வந்த புளூ-ரே வட்டு ஒன்றில் ஓர் அடுக்குக்கு 25 ஜிபி, இரண்டு அடுக்குக்கு 50 ஜிபி கொள்ளும். அவ்வளவு இடம் இருந்தும், தயாரித்தவர்கள் சில கூடுதல் பகுதிகளை வட்டில் பதிக்காமல் இணையத்தில் வைத்தார்கள். வட்டைப் போட்டதும் மெனுவில் ஒரு பொத்தான் தெரியும். அதை அழுத்தினால் நீக்கப்பட்ட காட்சிகள், படப்பிடிப்புத் தளத்து உரையாடல்கள், வட்டு வெளியான பிறகு சேர்க்கப்பட்ட முன்னோட்டங்கள் ஆகியவை இறங்கும். இந்த வசதிக்குப் பெயர் பிடி-லைவ். 2007 நவம்பர் 1ஆம் தேதிக்குப் பிறகு அறிமுகமான புளூ-ரே பிளேயர்கள் எல்லாவற்றிலும் குறைந்தது 256 எம்பி சேமிப்பிடம் இருக்க வேண்டும் என்பது விதி. பிடி-லைவ் வசதி உள்ளவற்றுக்கு அது 1 ஜிபி, கூடவே இணைய இணைப்பும் வேண்டும். 2008 மார்ச்சில் வந்த ஒரு மென்பொருள் புதுப்பிப்பின் வழியாக பிளேஸ்டேஷன் 3 என்ற விளையாட்டுக் கருவி முதன்முதலில் அந்த வசதியைப் பெற்றது. புளூ-ரேக்குப் போட்டியாக வந்து, அதற்கு முந்தைய மாதம் விலகிய எச்டி டிவிடி என்ற வட்டு வகை, இணைய இணைப்பையும் சேமிப்பிடத்தையும் தொடக்கத்திலிருந்தே எல்லாப் பிளேயர்களுக்கும் கட்டாயமாக்கியிருந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். தோற்ற தரப்பு இந்த ஒரு விஷயத்தில் முன்யோசனையோடு இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

என் கணினி இந்த வேலையைத் தயக்கமில்லாமல் செய்தது. காசு கொடுத்து வாங்கிய பிளேயர் மென்பொருள் ஒன்று இருந்தது. வட்டு கேட்டதை அது இறக்கி எங்கேயோ வைத்துக்கொண்டது. அந்த 'எங்கேயோ' எது என்று நான்கு ஆண்டுகள் நான் தேடிப் பார்க்கவில்லை. அப்பா சாப்பிட்டு முடித்துச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, படம் முடிந்த பிறகு அந்தக் கூடுதல் பகுதிகளைத்தான் ஆர்வமாகப் பார்ப்பார். ஒரு கப்பல் காட்சியை எப்படித் தொட்டிக்குள் எடுத்தார்கள் என்ற எட்டு நிமிடத் துண்டு ஒன்றை அவர் எத்தனை முறை பார்த்தார் என்பதற்குக் கணக்கே இல்லை. துறைமுகத்தில் உண்மையான கப்பல்களோடு முப்பது ஆண்டுகள் இருந்தவருக்கு அந்தப் பொய்க் கப்பலின் மீது இருந்த பிரியத்தை நான் மறக்க மாட்டேன்.

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தது. எங்கள் தெருவில் நான்கு நாட்கள் மின்சாரம் இல்லை. வந்தபோது ஏறியும் இறங்கியும் வந்தது. அதன் பிறகு விண்டோஸ் தொடங்கவே இல்லை. பழுது பார்க்க வந்த இளைஞர், "சி டிரைவ மட்டும் ஃபார்மட் பண்ணிடறேண்ணா, உங்க டேட்டா எல்லாம் டி டிரைவ்லதானே இருக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நம் ஊரில் கணினி வைத்திருக்கும் எல்லோரும் சொல்லும் பதில்தான் அது. படங்கள் வட்டில் இருக்கின்றன, புகைப்படங்கள் டி டிரைவில் இருக்கின்றன, சி டிரைவில் என்ன இருந்துவிடப் போகிறது என்று எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. அன்று மாலை அப்பா தன் கப்பல் வட்டைப் போட்டார். மெனுவில் அந்த எட்டு நிமிடத் துண்டு இருந்த இடத்தில் மீண்டும் 'பதிவிறக்கு' என்ற பொத்தான் இருந்தது. அழுத்தினோம். சுழலும் வட்டம் ஒன்று நீண்ட நேரம் சுழன்றது. பிறகு, சர்வருடன் இணைய முடியவில்லை என்று ஒரு வரி வந்தது. மறுநாளும் அதே வரி. அந்த சர்வரை எப்போதோ நிறுத்தியிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான், இந்தக் கூடுதல் பகுதிகள் எப்படி வைக்கப்படுகின்றன என்று உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, அது மிகவும் அழகான ஏற்பாடு என்று புரிந்தது.

புளூ-ரே வட்டைக் கணினியில் திறந்தால் பிடிஎம்வி என்ற கோப்புறை தெரியும். அதற்குள் காணொளிக் கோப்புகள் ஸ்ட்ரீம் என்ற கோப்புறையிலும், அவற்றை எந்த வரிசையில் ஓட்டுவது என்ற குறிப்புகள் பிளேலிஸ்ட் என்ற கோப்புறையிலும், மெனுவை இயக்கும் ஜாவா நிரல்கள் ஜார் என்ற கோப்புறையிலும் இருக்கும். பக்கத்திலேயே சர்ட்டிபிகேட் என்று ஒரு கோப்புறை. அதில் ஐடி என்ற பெயரில் மிகச் சிறிய கோப்பு ஒன்று. வட்டின் காணொளிதான் பூட்டப்பட்டிருக்கிறதே தவிர, இந்தச் சிறு கோப்பு பூட்டப்படவில்லை. அதைத் திறந்து பார்த்தால் முதலில் பிடிஐடி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும், சற்றுத் தள்ளி இரண்டு எண்களும் இருக்கும். முதல் எண் வெளியிட்ட நிறுவனத்துக்குரியது, எட்டு இலக்கம். இரண்டாவது அந்த வட்டுக்குரியது, முப்பத்திரண்டு இலக்கம். இலக்கம் என்றால் 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் கலந்து வருவது.

வட்டின் மெனு எதையாவது இறக்கும்போது, அது கணினியின் சேமிப்பிடத்தில் புடா என்ற கோப்புறைக்குள் போகிறது. அதற்குள் எட்டு இலக்கப் பெயரில் ஒரு கோப்புறை, அதற்குள் முப்பத்திரண்டு இலக்கப் பெயரில் இன்னொரு கோப்புறை. இறக்கிய காணொளி அங்கே இருக்கும். கூடவே, 'இந்தக் கோப்பை வட்டின் இந்த இடத்தில் இருப்பதாகக் கொள்க' என்று சொல்லும் ஒரு பட்டியலும், அந்தப் பட்டியல் நிறுவனத்திடமிருந்து வந்ததுதான் என்று உறுதிசெய்யும் கையொப்பக் கோப்பும் இருக்கும். அடுத்த முறை வட்டைப் போட்டதும், பிளேயர் கையொப்பத்தைச் சரிபார்த்து, வட்டில் இருப்பதையும் சேமிப்பிடத்தில் இருப்பதையும் ஒன்றாகப் பின்னி, ஒரே வட்டு போல மெனுவுக்குக் காட்டுகிறது. மெனுவுக்கு எது வட்டிலிருந்து வருகிறது, எது ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருகிறது என்ற வேறுபாடே தெரியாது. அச்சிட்ட புத்தகத்தின் நடுவே பிறகு வந்த பக்கங்களைச் செருகித் தைத்தது போன்ற வேலை இது. இத்தனை அக்கறையோடு அமைத்தவர்கள், தைத்த பக்கங்களை எங்கே வைத்திருக்கிறோம் என்று வாங்கியவருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் மென்பொருள் அந்தக் கோப்புறையைச் சி டிரைவில், பயனர் கணக்குக்குள், கண்ணுக்குத் தெரியாத கோப்புறை ஒன்றில் வைத்திருந்தது. அமைப்புப் பக்கத்தில் இடத்தை மாற்றும் வசதி இருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் இருக்கும் என் தங்கை வீட்டில், 2011இல் வாங்கிய தனிப் புளூ-ரே பிளேயர் ஒன்று உண்டு. அந்தக் காலத்துப் பிளேயர்களில் பலவற்றுக்குச் சொந்தமாகப் போதிய சேமிப்பிடம் கிடையாது. பின்பக்க யூஎஸ்பி துளையில் ஒரு பென் டிரைவைச் செருகினால்தான் பிடி-லைவ் வேலை செய்யும். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கிய சில வாரங்களில் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, தொலைக்காட்சிக்குப் பின்னால் தூசியும் ஒட்டடையுமாக ஒரு பென் டிரைவ் செருகியபடியே இருப்பதைக் கண்டேன். "அத எடுத்தா பிளேயர் வேலை செய்யாதுன்னு கடைக்காரர் சொன்னார்ண்ணா, அப்படியே விட்டுட்டேன்" என்றாள். அப்பாவின் கப்பல் வட்டை அவள் இரவல் வாங்கிக்கொண்டு போய்ப் பல மாதம் வைத்திருந்தது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

பென் டிரைவின் உலோக முனை பச்சை பூத்திருந்தது. கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பச்சை அது. மின்விசிறியின் திருகு முதல் கதவின் தாழ்ப்பாள் வரை எதையும் விடாது. பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு மெதுவாகத் துடைத்து, என் மடிக்கணினியில் செருகினேன். முதல் முறை தெரியவில்லை. இரண்டாம் முறை சற்று அழுத்திச் செருகியதும் திறந்தது. புடா கோப்புறை இருந்தது. அதற்குள் நான்கு வட்டுகளுக்குரிய கோப்புறைகள் இருந்தன. எதையும் திறந்து பார்க்காமல் முதலில் முழுவதையும் நகலெடுத்தேன். அந்த நகலிலிருந்து இன்னொரு நகல் எடுத்தேன். பிறகுதான் மூச்சு விட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்தக் கோப்புறைகளை என் கணினியில் உரிய இடத்தில் வைத்துப் பார்த்ததில், இரண்டு வட்டுகள் உடனே ஏற்றுக்கொண்டன. கப்பல் வட்டு அவற்றில் ஒன்று. மற்ற இரண்டும் ஏற்கவில்லை. கையொப்பம் நிறுவனத்துடையது என்பதால் கருவி மாறினாலும் செல்லும். ஆனால் உள்ளடக்கத்தை ஒரு குறிப்பிட்ட கருவியோடு பிணைத்துக் கொடுக்கவும் புளூ-ரேயின் பாதுகாப்பு முறையில் வழி இருக்கிறது. அந்த இரண்டும் அப்படிப் பிணைக்கப்பட்டவை என்றே எண்ணுகிறேன். அவை தங்கை வீட்டுப் பிளேயரில் மட்டும் இன்றும் ஓடுகின்றன. அந்தப் பிளேயரை விற்கவோ பழைய இரும்புக்காரரிடம் போடவோ கூடாது என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இத்தகைய கணினி வைத்திருப்பவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் சிலவற்றைச் சொல்கிறேன். பிளேயர் மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் பிடி-லைவ் சேமிப்பிடம் எங்கே என்று இன்றே பாருங்கள். அதை வேறு டிரைவுக்கு மாற்றுங்கள். தனிப் பிளேயராக இருந்தால், 'பிடி-லைவ் தரவை அழி' என்று அமைப்பில் இருக்கும் வரியைப் பிள்ளைகள் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அழித்ததைத் திருப்பித் தர சர்வர் இருக்காது. பழைய கணினியைத் தூக்கிப்போட அவசரப்படாதீர்கள். விண்டோஸ் 8 வந்தபோதே டிவிடி ஓட்டும் வசதியைத் தனியே பிரித்துவிட்டார்கள். விண்டோஸ் 10இல், படமும் பாட்டும் ஓட்டும் மீடியா சென்டர் என்ற மென்பொருள் இல்லாமலே போனது. 4கே தரத்தில் படம் தரும் அல்ட்ரா எச்டி புளூ-ரேயைக் கணினியில் ஓட்ட இன்டெல் செயலியில் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி தேவைப்பட்டது. பதினோராம் தலைமுறையிலிருந்து வீட்டுக் கணினிச் செயலிகளில் அதையும் நீக்கிவிட்டார்கள். புதிய கணினி இந்த வேலைக்குப் பழையதை விடக் குறைந்த தகுதியே உடையது.

டிரைவைப் பற்றியும் ஒன்று. டிவிடி ஓடுகிறது, புளூ-ரே ஓடவில்லை என்றால் டிரைவ் முழுதும் போய்விட்டது என்று பொருளில்லை. குறுந்தகட்டுக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, புளூ-ரேக்கு 405 என்று மூன்று வகைக்கும் வேறு வேறு லேசர் ஒளி. ஒன்று சோர்ந்தாலும் மற்றவை வேலை செய்யும். புளூ-ரேயில் தகவல் அடுக்கின் மீதுள்ள உறை 0.1 மில்லிமீட்டர்தான் என்பதால் லென்ஸ் வட்டுக்கு மிக அருகில் வருகிறது. காசிமேட்டுக் காற்றில் லென்ஸில் படியும் மெல்லிய உப்புப் படலம் முதலில் புளூ-ரேயைத்தான் தடுக்கிறது என்பது என் வீட்டு அனுபவம். கணினிக்கு மேலே துணி போர்த்துவதும், உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு வைப்பதும் பயன் தந்திருக்கின்றன. வட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும்; வட்டமாகத் துடைக்கக் கூடாது.

போன மாதம் அந்த நான்கு கோப்புறைகளையும் ஆளுக்கு ஒரு டிவிடியில் எழுதி, அந்தந்தப் படத்தின் பெட்டிக்குள்ளேயே வைத்தேன். எந்த டிவிடி எந்த வட்டுக்குரியது என்பதில் பிற்காலத்தில் ஐயம் வரக் கூடாது என்பதால், முப்பத்திரண்டு இலக்கத்தையும் சிறு அட்டையில் எழுதி உடன் வைக்க நினைத்தேன். விடுமுறைக்கு வந்திருந்த தங்கை மகள் திரையைப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாக உரக்கப் படித்தாள். அப்பா தன் பழைய கணக்குப் பேரேட்டுக் கையெழுத்தில், நான்கு நான்காக இடம் விட்டு, நிதானமாக எழுதினார். கப்பல் வட்டின் அட்டையில் மட்டும், எண்களுக்குக் கீழே 'எட்டு நிமிடம்' என்று அவராகவே சேர்த்திருக்கிறார்.