நாளைப் போகலாம் என்று தள்ளிப்போன திருப்புன்கூர்

மயிலாடுதுறையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் திருப்புன்கூர் சிவன் கோயிலுக்குப் போய்விடலாம். எனக்கு 4 வருஷம் ஆனது. அத்தை, அதாவது என் மாமியார், படுக்கையில் விழுந்து அவ்வளவு காலமாகிறது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். கஞ்சி, மாத்திரை, துணி துவைப்பது என்று பொழுது போய்விடும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் நினைப்பேன். சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடுவேன்.

போன வாரம் நாத்தனார் வந்திருந்தாள். "நீ போயிட்டு வாடி, நான் என்ன ஓடியா போயிடப்போறேன்" என்று அத்தையே அனுப்பிவைத்தார்.

வைத்தீஸ்வரன்கோயிலில் எப்போதும் போலக் கூட்டம். அங்கிருந்து சுமார் 3 கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் போனேன். இறங்கியதும் வயலும் காற்றும்தான். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் இது. மழை பொய்த்தபோது பெய்யச் சொல்லிப் பன்னிரு வேலி (வேலி என்பது பழைய நில அளவு), பெய்து பெருக்கெடுத்தபோது நிறுத்தச் சொல்லி மறுபடி பன்னிரு வேலி நிலம் இந்தக் கோயில் சாமி சிவலோகநாதருக்குக் கொடுத்ததைச் சுந்தரர் பாடியிருக்கிறார். மழை வந்தாலும் வராவிட்டாலும் சாமியிடம் ஓடுகிற டெல்டாக்காரர்களின் கதை!

நான் போனது நந்திக்காக. மூலவருக்கு நேராக இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கிப் படுத்திருக்கிறது. முந்தின நாள் பிரதோஷத்துக்குச் சாத்திய அருகம்புல் மாலை கழுத்தில் வாடிக் கிடந்தது. காதோரம் எண்ணெய் கறுத்துப் பளபளத்தது. அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவரான நந்தனார் வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே போக அவர் பிறந்த குலத்துக்கு அனுமதி இல்லை. நந்தி வேறு மறைத்தது. சாமி அதைத்தான் விலகச் சொன்னார். வாசலில் நின்று பார்த்தேன். கருவறை விளக்கு தெளிவாகத் தெரிந்தது.

அப்புறம் மண்டபத்தில் உட்கார்ந்தேன். யாரோ குழந்தைக்குக் காதுகுத்து. தவில்காரர் விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு, தவிலின் வலப்பக்கமான வலந்தலையை மெல்லத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். திருப்தியில்லை. இறுக்கினார், மறுபடி தட்டினார். வார் இழுத்துக் கட்டுகிற இடத்தில் இப்போது இரும்பு போல்ட் வந்துவிட்டது. தோல் மட்டும் இன்றும் தோல்தான். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் பெரியபுராணத்தில் சேக்கிழார் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆதனூர் நந்தனார் கோயில் பேரிகைகளுக்குப் போர்வைத்தோலும் அதை இழுத்துக் கட்டும் விசிவாரும் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். பூசைக்குக் கோரோசனை கொடுத்தார். அவர் சேரியைக்கூடச் சேக்கிழார் எவ்வளவு அன்பாகப் பார்க்கிறார்! மாமரத்தில் பறைகள் தொங்குகின்றன, மருத நிழலில் ஒரு தாய் தோல்மேல் பிள்ளையைத் தூங்கவைக்கிறாள்.

அவர் பதப்படுத்திய தோல் உள்ளே போனது. அவர் முறுக்கிய நரம்பு சாமி முன்னால் ஒலித்தது. அவர் மட்டும் வெளியே நின்றார். இத்தனை வருஷம் இந்தக் கதையைக் கேட்டும் இது எனக்கு உறைத்ததில்லை. கொட்டு கேட்கும்போதெல்லாம் வாசலில் நின்றவருக்கு என்ன தோன்றியிருக்கும்? "அது என் கை" என்று தோன்றியிருக்காதா?

நந்தனாருக்குத் திருநாளைப்போவார் என்று இருக்கும் பெயரையும் நான் தப்பாகவே புரிந்துவைத்திருந்தேன். தள்ளிப்போட்டவர் என்றே நினைத்திருந்தேன். தில்லைக்கு, அதாவது சிதம்பரத்துக்குப் போக ஆசைப்பட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடப்பார். விடிந்ததும், போனாலும் உள்ளே விடமாட்டார்களே என்று நின்றுவிடுவார். ஆசை மறுபடி பொங்கும், நாளைப் போவேன் என்பார். என்னைத் தடுத்தது வீட்டு வேலை, அவரைத் தடுத்தது ஊர். இரண்டையும் ஒன்றாக வைக்க எனக்கு வாய் வராது. தில்லையில் அவரைத் தீயில் இறங்கி வரச் செய்ததும் இன்றுவரை என் மனசுக்கு ஒப்பவில்லை. நந்தியை நகர்த்திய சாமி தீயில்லாமலே அழைத்திருக்கலாம். இதை அவர் சன்னிதியிலேயே சொன்னேன். பக்தி இருப்பதால்தானே கேட்க முடிகிறது.

ஆனால் தோலும் வாரும் நரம்பும் ஒருநாளும் நாளைக்கு என்று நிற்கவில்லை. அந்த வேலையை அவர் அன்றன்றைக்குச் செய்தார். கோயிலுக்குப் போக முடியவில்லையே என்று நான் அழுத நாட்களிலெல்லாம் அத்தையின் முதுகில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். புண் ஒன்றுகூட வரவில்லை. அதை நான் பூசைக் கணக்கில் சேர்த்ததே இல்லை. மண்டபத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தவில் ஆரம்பித்திருந்தது, யாரும் கவனிக்கவில்லை.

கிளம்பும் முன் குளத்தைப் பார்த்தேன். நந்தனார் வெட்டியது, பிள்ளையாரும் கூட நின்று வெட்டினார் என்பார்கள். கரையில் குளம் வெட்டிய பிள்ளையார் என்று பெயர் சொல்லிக் கும்பிட்டுவிட்டு ஆட்டோ ஏறினேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை முதலில் கேட்டது, "நந்தி எவ்ளோ விலகியிருக்கு?" இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

"அதுக்கு மேல இருக்குமே" என்றார். "கல்யாணமான புதுசுல உங்க மாமாவோட போனேன். நல்லா ஒதுங்கித்தான் இருந்துச்சு."

"இருக்கும் அத்தை" என்று திருநீறு பூசிவிட்டேன். இரவு 2 மணிக்கு எழுந்து இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தபோது அது நெற்றியில் கலையாமல் இருந்தது.