கிருமி இல்லையா, கிடைக்கவில்லையா

ஒரு கறவை மாட்டின் பாலை மடிநோய்க்காகச் சோதித்தேன். சந்தேகம் வலது பின்காம்பில் மட்டும்தான். மற்ற மூன்று காம்புகளின் பாலிலும் சோமாட்டிக் செல் (பாலில் கலந்து வரும் மாட்டின் உடம்புச் செல்கள்) எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 1,00,000-க்குக் கீழே, இந்த ஒன்றில் 3,80,000. மடியில் அழற்சி வந்தால் பாலில் ஏறும் எல்.டி.எச். நொதியும் அமிலாய்டு ஏ புரதமும் அதே காம்பில்தான் ஏறியிருந்தன. பாலில் கட்டி இல்லை, மடியில் வீக்கமோ சூடோ இல்லை, மாடு நன்றாகத் தீனி எடுக்கிறது. பாலில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை.

கறவையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “டாக்டர், கிருமி இல்லைங்கறீங்களா, கிடைக்கலைங்கறீங்களா?” என்றார்.

“கிடைக்கலைண்ணே.”

“அப்போ இருக்கலாம். மருந்து ஏத்திடுங்க.”

நான் ஏற்றவில்லை. பொறுத்திருந்து இன்னொரு முறை மாதிரி எடுப்போம் என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை, சரி என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்த ‘சரி’யை நான் இன்னும் விட முடியாமல் வைத்திருக்கிறேன்.

என் பக்கத்து நியாயம் இதுதான். செல் எண்ணிக்கை, நொதி, புரதம் என்ற இந்தச் சுட்டிகள் எதுவுமே கிருமியைப் பார்ப்பதில்லை, மாட்டின் உடம்பு காட்டும் எதிர்வினையைத்தான் பார்க்கின்றன. சோமாட்டிக் செல்லில் பெரும்பகுதி, சண்டை போட வந்த வெள்ளையணுக்கள். எல்.டி.எச். என்பது சேதமான செல்களிலிருந்தும் அந்த வெள்ளையணுக்களிலிருந்தும் கசிந்து வருவது. அமிலாய்டு ஏ-யின் ஒரு வகையை மடியின் சுரப்புச் செல்களே உண்டாக்குகின்றன, அதனால்தான் அது பாலில் ஏறினால் மடியிலேயே ஏதோ நடக்கிறது என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது. ஆனால் நடக்கிறதா, நடந்து முடிந்ததா? கிருமியை மாடு தானே விரட்டிய பிறகும் செல் எண்ணிக்கை வாரக்கணக்கில் இறங்காமல் நிற்பதுண்டு. ஈ.கோலை மாதிரியான கிருமிகள் வேகமாக எதிர்வினையைக் கிளப்பிவிட்டு, லேசான தொற்றாக இருந்தால் நாம் தேடிப் போகும்போது காணாமலே போயிருக்கும். இல்லாத கிருமிக்கு ஆன்டிபயாடிக் ஏற்றி, மருந்து கலந்த பாலையும் கீழே ஊற்றி, கிருமிகளுக்கு மருந்தை எதிர்க்கும் திறன் வளரவும் வழி செய்வதா? அதைச் செய்யாமல் இருப்பதற்குத்தானே இந்தச் சோதனைகளையே கொண்டுவந்தோம்.

இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு முடிப்பதற்குள் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற மடிநோய்க் கிருமி நினைவுக்கு வந்துவிடும். அது தொடர்ந்து பாலில் வெளிவராது, ஒரு நாள் நிறைய வரும், ஒரு நாள் வரவே வராது. ஒரே ஒரு மாதிரியை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய நான்கில் ஒரு தொற்று கல்ச்சரில் தப்பிவிடும். போதாததற்கு அது கிளப்பும் எதிர்வினையும் மந்தமானது, ஈ.கோலை போலச் சுட்டிகளை உச்சத்துக்குத் தூக்காது. அதாவது 3,80,000 என்ற அந்தப் பாதி உயரம், ஆறிக்கொண்டிருக்கும் மடிக்கும் பொருந்தும், ஒளிந்திருக்கும் ஆரியஸுக்கும் பொருந்தும். அண்ணனுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. ஆனால் அவர் கேட்டது சரியாக இதைத்தான்.

அது ஆரியஸாகவே இருந்திருந்தாலும், கறவையில் இருக்கும் மாட்டில் மருந்து போட்டுக் குணமாகும் வாய்ப்பு குறைவு, நாள்பட்டதாக இருந்தால் இன்னும் குறைவு என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். இது பொய்யில்லை. ஆனால் அன்று முடிவெடுத்தபோது இதை நான் யோசிக்கவே இல்லை, பிறகுதான் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டாவது மாதிரியில் எண்ணிக்கை இறங்கியிருந்தது, ஆனால் தொற்று இருக்கலாம் என்று நாங்கள் கருதும் வரம்பான 2,00,000-க்குக் கீழே வரவில்லை. இந்த முறையும் எதுவும் வளரவில்லை. மூன்றாவதுக்குப் போனபோது மாடு இல்லை. “சந்தேகத்தோட வெச்சிருக்க வேண்டாம்னு வித்துட்டாங்க டாக்டர்” என்றார் அண்ணன். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். அந்த மாடு அவர் கையில் வளர்ந்தது என்பதை வேறொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பழைய கரைசல் சோதனை, 1957-இல் ஷாமும் நூர்லாண்டரும் கொண்டுவந்த அந்த சி.எம்.டி. (கலிஃபோர்னியா மாஸ்டைடிஸ் டெஸ்ட்), தட்டில் பால் கொழகொழவென்று திரண்டால்தான் பேச்சே ஆரம்பிக்கும். கறப்பவர் தன் கண்ணால் பார்ப்பார், அவரும் நாமும் ஒரே தட்டைப் பார்த்துத்தான் பேசுவோம். இந்தப் புதிய சுட்டிகள் அதைவிட நுட்பமானவை, தொற்று தொடங்கிச் சில மணி நேரத்திலேயே பேசத் தொடங்குபவை. நான் இவற்றுக்காக வாதாடுகிறவன், இப்போதும் வாதாடுவேன். ஆனால் என்ன செய்வது என்று தெரிவதற்கு முன்பே ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிடுகின்றன, இரண்டுக்கும் இடையில் ஓடும் நாட்களைச் சுமப்பது நான் இல்லை. பண்ணைக்காரரும் மாடும்தான். எண்ணைச் சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்றுகூடச் சில நேரம் தோன்றும். அதுவும் சரியில்லை, அவர்களுடைய மாட்டின் எண்ணை மறைக்க நான் யார்?

அப்புறம் வேறொரு பண்ணையில் ஒரு மாடு. ஒரே காம்பு, கிட்டத்தட்ட அதே எண்கள், கல்ச்சர் வெறுமை. மேலே எழுதிய நியாயங்கள் எல்லாம் அந்த மாட்டுக்கும் அப்படியே பொருந்தும். நான் மருந்து ஏற்றச் சொன்னேன். முதல் ஈத்து, தொற்று புதிதாக இருக்கலாம், குணமாக வாய்ப்பு அதிகம் என்று காரணம் எழுதினேன். காரணம் உண்மைதான், ஆனால் அதற்காக மட்டும்தான் எழுதினேனா என்று தெரியவில்லை. அந்தக் காம்பின் எண்ணிக்கை இறங்கிவிட்டது. மருந்தால் இறங்கியதா, தானாகவே இறங்கியிருக்குமா என்பதை எந்தச் சுட்டியும் எனக்குச் சொல்லவில்லை.