பாத்தோங்கில் நான் இறங்கவில்லை

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி, அங்கிருந்து பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்திற்கு எங்களை அழைத்தபோது, பாளையங்கோட்டையில் எனக்குப் பழக்கமான பயண முகவரிடம் நான் கேட்டது ஒரே கேள்விதான்: வீல்சேர் உள்ளே போகுமா? “அருமையாப் போகும் அண்ணாச்சி, அதுக்குன்னு தனி ரூமே இருக்கு” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அறைக்கதவு அகலமாக இருந்தது. குளியலறையில் நிலைப்படி இல்லை, பிடித்துக்கொள்ளக் கம்பிகள் இருந்தன. இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் செயலிழந்த நான், எங்கள் வீட்டில்கூட அவ்வளவு வசதியாகக் குளித்ததில்லை. ஆனால் கப்பலுக்குள் நுழைவது வேறு, போகிற ஊரிலெல்லாம் கரை இறங்குவது வேறு என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுன் நகரை ஒட்டிய ஸ்வெட்டன்ஹம் துறையிலேயே அணைந்து நின்றது. அங்கும் சிக்கல் இருந்தது. அது கடல் ஏற்றவற்றத்தால் வருவது. துறை அசையாமல் நிற்க, கப்பலோ தண்ணீரோடு உயர்ந்து தாழ்வதால், காலையில் ஏறக்குறைய மட்டமாக இருந்த இறங்குபாலம் மாலையில் கூரைச் சரிவு போல ஆகிவிடுகிறது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1 அடி உயரத்திற்கு 12 அடி நீளம் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. கப்பலின் வாசல் துறையைவிட 4 அடி உயர்ந்து நின்றால் 48 அடி நீளமுள்ள பாலம் தேவைப்படும். அத்தனை நீளத்திற்கு யார் போடுவார்கள்? கப்பல் பணியாளர் ஒருவர் என் நாற்காலியைத் திருப்பி, நான் கப்பலைப் பார்த்தபடி பின்புறமாக இறங்கும்படி, தாம் கீழே நின்று முதுகு தாங்கி இறக்கினார். செங்குத்தான சரிவில் அதுதான் முறை. முன்புறமாக இறக்கினால் ஆள் சரிந்து விழுவார்.

ஊருக்குள் போனதும் வேறொரு பாடம். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளுக்கு முன்னே ‘ஐந்தடி’ என்றே பெயர் பெற்ற, கூரையிட்ட நடைபாதை உண்டு. வெயிலுக்கு அருமையான ஏற்பாடுதான் என்றாலும், கடைக்குக் கடை தளத்தின் உயரம் மாறி இடையிடையே படி வந்துவிடுவதால், நாங்கள் வண்டிகளோடு வண்டியாகச் சாலையிலேயே உருட்டிக்கொண்டு போனோம்.

மறுநாள் புக்கெட். எங்கள் கப்பல் துறைக்குப் போகாமல் பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டது. கரைக்குச் செல்ல ‘டெண்டர்’ என்னும் சிறு படகுகளில்தான் போக வேண்டும். கப்பலின் அடிப்பக்கத்தில், நீர்மட்டத்தை ஒட்டித் திறந்த மேடையருகே போய் நின்று பார்த்தேன். படகு ஒரு முறை எங்கள் மேடைக்கு மேலே எழுந்தது, அடுத்த அலையில் முழங்கால் அளவு கீழே போனது. இடையிலிருந்த வெளி ஒரு சாண் ஆவதும் ஒரு முழம் ஆவதுமாக இருந்தது. “இரண்டு எட்டு தாமாக எடுத்து வைக்க முடியுமா?” என்று அதிகாரி கேட்டார். முடியாது என்றேன். அப்படியானால் தூக்கி ஏற்ற எங்களுக்கு அனுமதி இல்லை என்று அவர் வருத்தத்தோடு சொல்லிவிட்டார்.

தம்பிக்குக் கோபம் வந்தது. “நம்ம ஊர்னா நாலு பேர் சேர்ந்து தூக்கியிருப்பாங்கல்லா?” என்றான். உண்மைதான். குறுக்குத்துறைப் படித்துறையில் முன்பின் அறியாதவர்கள், நான் கேட்காமலேயே, நாற்காலியோடு என்னைத் தூக்கியிருக்கிறார்கள். அப்படித் தூக்கியவர்களில் ஒருவர் ஒரு முறை கழற்றி மாட்டும் கைப்பிடியைப் பற்றிவிட, அது அவர் கையோடு வந்து, நான் தாமிரபரணியைத் தலைகீழாகப் பார்த்தேன். ஆகவே அசைகிற படகில் தூக்கக் கூடாது என்ற விதியோடு எனக்குச் சண்டை இல்லை. பணம் கட்டும் முன்பே யாரும் அதைச் சொல்லாததுதான் என் குறை. என் மனைவியும் இறங்கவில்லை. நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, அதுதான் எனக்கு அன்று முழுவதும் உறுத்தியது.

இப்போது தம்பி அடுத்த பயணத்திற்குப் பட்டியல் அனுப்பியிருக்கிறான். இம்முறை கப்பல் நிறுவனத்தின் மாற்றுத்திறனாளிகள் உதவிப் பிரிவுக்கு நானே எழுதினேன்: எந்தெந்த ஊரில் துறையில் அணையும், எங்கே நங்கூரமிடும்? டெண்டருக்கு உருட்டி ஏற்றும் சாய்தளம் உண்டா? நாற்காலி எத்தனை கிலோ வரை இருக்கலாம்? என் பேட்டரி நாற்காலி 50 கிலோவுக்கு மேல் என்பதால், மடித்து வைக்கும் கைநாற்காலியைத்தான் கொண்டுபோகப் போகிறேன். மூன்று ஊர்களில் துறை, ஒன்றில் மட்டும் நங்கூரம் என்று பதில் வந்திருக்கிறது. அந்த ஒரு நாளில் எல்லாரும் இறங்கிப் போன பிறகு மேல்தளத்தில் நிழலான இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வதாகத் திட்டம். மனைவியைக் கரைக்கு அனுப்புவதாகத் தம்பி மனைவி பொறுப்பேற்றிருக்கிறாள்.