மூடாத அடைப்புக்குறியைத் தேடிப் பிடித்த கதை

திருகோணமலை உப்புவெளியில் ஏ/எல் (உயர்தரப்) பிள்ளைகளுக்கு ஐசிடி என்ற கணினிப் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் உள்ள கணினிகள் பழையவை, விண்டோஸ் 7. நாங்கள் புரோகிராம் எழுதும் மொழி பைத்தன், அதில் ஓடும் கடைசிப் பதிப்பு 3.8தான். அடைப்புக்குறி ஒன்றை மூடாமல் விட்டால் அது பெரும்பாலும் அடுத்த வரியைத்தான் பிழை என்று காட்டும். அந்த வரியில் ஒரு குறையும் இருக்காது. பிள்ளைகள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எந்தக் குறி மூடப்படவில்லை என்று இடத்தோடு சொல்வது 2021இல் வந்த 3.10தான். அதை இந்தக் கணினிகளில் போட முடியாது. சரி, மூடாத குறியைக் கண்டுபிடிக்கும் புரோகிராம் ஒன்றை நாங்களே எழுதுவோம் என்று தொடங்கினோம்.

“திறக்கிறதையும் மூடுறதையும் எண்ணினால் காணாதா சேர்?” என்று நிலாவெளியிலிருந்து வரும் பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. ஒரே வகைக் குறி என்றால் காணும்: திறந்தால் ஒன்று கூட்டு, மூடினால் ஒன்று கழி, நடுவில் பூச்சியத்துக்குக் கீழே போகாமல் முடிவில் பூச்சியத்தில் நிற்க வேண்டும். பலகையில் ([)] என்று எழுதிக் காட்டினேன். எண்ணிக்கை சரி, ஒழுங்கு பிழை.

கடைசியாகத் திறந்ததைத்தான் முதலில் மூட வேண்டும். முட்டு ஒழுங்கைக்குள் போன ஆட்டோக்கள் மாதிரி, கடைசியாக நுழைந்தது வெளியே வந்தால்தான் மற்றவைக்கு வழி. ஸ்டாக் என்பது அவ்வளவுதான். பைத்தனில் சாதாரண லிஸ்ட் (பட்டியல்) போதும்: திறக்கும் குறி வந்தால் அப்பெண்ட் (கடைசியில் சேர்), மூடும் குறி வந்தால் பாப் (கடைசியில் இருப்பதை எடு), எடுத்தது அதன் ஜோடிதானா என்று பார். எந்தக் குறிக்கு எது ஜோடி என்பதை டிக்ஷனரி என்ற அட்டவணையில் வைத்தால், ஒவ்வொன்றாகச் சோதிக்கும் இஃப் வரிசை நீளாது.

பாப் செய்ய முன் லிஸ்ட் வெறுமையா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் தனியாக வந்த ஒரு மூடும் குறியிலேயே புரோகிராம் விழுந்துவிடும். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் லூப் முடிந்த பிறகும் லிஸ்டை ஒருமுறை பார்க்க வேண்டும். பிள்ளைகள் விடுவது இதைத்தான். மிச்சம் இருந்தால் அவைதான் மூடாத குறிகள், எங்களுக்கு வேண்டியதும் அவைதான்.

உண்மையான வீட்டுவேலை ஒன்றைக் கொடுத்ததும் புரோகிராம் தடுமாறியது. ஒரு பையன் மேற்கோளுக்குள் ‘நன்றி :)’ என்று எழுதியிருந்தான். அந்தச் சிரிப்பை மூடும் குறியாக எடுத்துவிட்டது! மேற்கோளுக்குள் இருக்கிறோமா என்பதை ஒரு மாறியில் வைத்து, உள்ளே இருப்பதைத் தாண்டச் செய்தோம். கணினி கவனிக்காத குறிப்புகளான கமென்டுகளுக்கும் அப்படியே. மூன்று மேற்கோள் போட்ட நீண்ட சரங்களை (எழுத்துத் தொடர்களை) விட்டுவிட்டோம். இந்தப் பிள்ளைகள் அவற்றை எழுதுவது குறைவு.

அப்புறம்தான் பிரயோசனமான மாற்றம்: லிஸ்டில் குறியோடு வரி எண்ணையும் சேர்த்து வைத்தோம். இப்போது ‘14ஆம் வரியில் திறந்தது மூடப்படவில்லை’ என்று வருகிறது. ஒரு குறை மட்டும். பிரின்ட், இன்ட், இன்புட் என்ற பைத்தன் கட்டளைகளை ஒன்றுக்குள் ஒன்றாக எழுதி ஒரு மூடும் குறியை விட்டால், எதை விட்டிருந்தாலும் பிரின்டின் குறிதான் மிஞ்சும். உள்ளே இருப்பவை முதலில் ஜோடி சேர்ந்துவிடும். வரி சரியாக வருகிறது, அதற்குள் எந்த இடம் என்பதைப் பிள்ளைதான் பார்க்க வேண்டும்.