1932 லாஸ் ஏஞ்சல்ஸ்: சுற்று எண்ணுபவரின் தாள்

தடகளப் போட்டி நடத்தும் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு 1932 ஒலிம்பிக்கின் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் (தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடும் ஓட்டம்) இறுதியைத்தான் முதல் பாடமாகச் சொல்ல வேண்டும். பின்லாந்தின் வோல்மரி இசோ-ஹோலோ தகுதிச் சுற்றில் 9:14.6-ல் ஓடியவர். இறுதியில் அவர் வென்ற நேரமோ 10:33.4. சுற்று எண்ணும் பொறுப்பில் இருந்தவர் ஒரு சுற்றை எண்ணாமல் விட்டதால் அத்தனை பேரும் 3460 மீட்டர் ஓடினார்கள். 3000 மீட்டர் முடிந்தபோது இரண்டாவதாக இருந்த அமெரிக்கரான ஜோ மெக்ளஸ்கியை, அந்த உபரிச் சுற்றில் பிரிட்டனின் தாமஸ் எவன்சன் முந்திவிட்டார். கைக்கு வர வேண்டிய வெள்ளி வெண்கலமாகிப் போனது.

இந்தத் தவறைக் கடிகாரமே காட்டிக் கொடுக்கும். 633.4 நொடியை 3460 மீட்டருக்குப் பங்கிட்டால் 100 மீட்டருக்கு 18.3 நொடி வருகிறது. 460 மீட்டர் சுற்றுக்குச் சுமார் 84 நொடி. முதலில் ஓடுபவர் கோட்டைக் கடக்கும் நேரத்தை ஒவ்வொரு சுற்றுக்கும் தாளில் குறித்துக்கொண்டே வந்தால், விட்டுப்போன சுற்றுக்கு நேரே 84 இருக்க வேண்டிய இடத்தில் 168 நிற்கும். அதனால்தான் மீதமுள்ள சுற்றுகளைக் காட்டும் பலகையில் எண்ணைத் திருப்புபவரும் தாளில் எழுதுபவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்கிறோம். கடைசிச் சுற்று மணியை அடிக்கும் முன் இருவர் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். மணி தப்பிவிட்டால் பிறகு எதையும் சரிசெய்ய முடியாது. 3000 மீட்டரில் இருந்த வரிசையையே முடிவாக எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது நியாயமாகாது. ஓடுபவர் தன் கடைசி வேகத்தை மணிச் சத்தத்துக்காகவே அடக்கி வைத்திருக்கிறார்; மணி அடிக்காத சுற்றில் அவர் முழு மூச்சாக ஓடியிருக்க மாட்டார்.

அதே போட்டிகளில் வட்டு எறிதலிலும் இப்படி ஒன்று நடந்தது. பிரான்சின் ஜூல் நோயல் நல்ல தூரம் எறிந்த ஒரு வட்டு எங்கே விழுந்தது என்று நடுவர்கள் கவனிக்கவில்லை. அமெரிக்காவின் பில் மில்லரும் ஜப்பானின் ஷுஹெய் நிஷிடாவும் மோதிய கோலூன்றித் தாண்டுதல் பக்கம் நடுவர்களின் கண் திரும்பிவிட்டது. நோயலுக்கு இன்னொரு வாய்ப்பு தந்தார்கள், ஆனால் அந்த எறி திரும்ப வரவில்லை, நான்காவதாக முடித்தார். வட்டு முதலில் தரையைத் தொட்ட புள்ளிதான் கணக்கு. தொட்டதும் அது சறுக்கி ஓடிவிடும், புல்லில் தடமும் லேசாகத்தான் இருக்கும். வட்டு காற்றில் இருக்கும்போதே அதன் பின்னால் நகர்ந்து, விழுந்ததும் குச்சி நடுவதற்கென்றே ஓர் ஆள் வேண்டும். பக்கத்தில் எவ்வளவு பெரிய போட்டி நடந்தாலும் அவர் திரும்பக் கூடாது.

நேரம் எடுப்பதில் அந்த ஆண்டு ஏற்பாடு நன்றாகவே இருந்தது. ஒமேகா நிறுவனம் 30 ஸ்டாப்வாட்ச்களைக் கொடுத்திருந்தது. நேரம் எடுப்பவர் துப்பாக்கியின் புகையைப் பார்த்துத்தான் கடிகாரத்தை ஓடவிட வேண்டும். சத்தம் 100 மீட்டரைக் கடந்து வர ஏறக்குறைய 0.3 நொடி ஆகிவிடும். 100 மீட்டர் இறுதியில் எடி டோலனுக்கும் ரால்ஃப் மெட்காஃபுக்கும் கடிகாரங்கள் 10.3 என்றே காட்டின. ஓட்டத்தை ஒரு கண்ணாலும் கடிகாரத்தை மறு கண்ணாலும் படம்பிடிக்கும் கிர்பி கேமரா அங்கே இருந்தது. படத்தைப் பார்த்த பிறகே டோலனுக்குத் தங்கம் உறுதியானது. 110 மீட்டர் தடை ஓட்டத்தில் அதே படம் நடுவர்களின் தீர்ப்பையே மாற்றியது. மூன்றாவது என்று அறிவிக்கப்பட்ட அமெரிக்கரான ஜாக் கெல்லர், தன் வெண்கலத்தைப் பிரிட்டனின் டொனால்ட் ஃபின்லேயிடம் கொடுத்துவிட்டார்.