தலைக்கட்டு நோட்டும் ஒரு பஸ் மனுவும்

மும்பை தாராவி 90 அடி ரோட்டில் நடக்கும், தென்காசிப் பக்கத்து எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டம் கோயில் கொடைக் கணக்கில் தொடங்கிச் சண்டையில் முடிவதுதான் வழக்கம். 2025 ஜூலையில் மட்டும் பேச்சு மினி பஸ் பக்கம் திரும்பியது. அதற்கு முந்தைய மாதம்தான் தமிழ்நாட்டில் புதிய மினி பஸ் திட்டம் தொடங்கியிருந்தது. 25 கிலோமீட்டர் வரை வழித்தடம் தருகிறார்களாம், நாமும் கேட்போம் என்றார் தலைவர் அண்ணாச்சி. மனு வெறுங்கையோடு போகக் கூடாது, மக்கள்தொகை, சாலை விவரம் எல்லாம் வேண்டும் என்று சொல்லி, கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன் என்பதற்காக அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள்.

கிராமவாரி மக்கள்தொகைக் கணக்கு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அது 2011-ஆம் ஆண்டுக் கணக்கு. 2021-இல் எடுக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய் 2027-இல் வந்து நிற்கிறது. தென்காசி மாவட்டம் என்று தேடித் தேடிப் பாதி இரவு போனது. அந்த மாவட்டம் பிறந்ததே 2019-இல்தான் என்பது பிறகுதான் உறைத்தது. திருநெல்வேலி மாவட்டம், சங்கரன்கோவில் வட்டம் என்று இறங்கியதும் பட்டியல் விரிந்தது. அதில் எங்கள் ஊர் இல்லை.

கணக்கெடுப்பில் தனி வரிசை கிடைப்பது வருவாய்க் கிராமத்துக்கு. எங்களுடையது அப்படியொரு தாய்க்கிராமத்துக்குள் அடங்கிய குக்கிராமம். எங்கள் ஆட்களும் அந்தத் தாய்க்கிராமத்தின் எண்ணுக்குள் கரைந்திருந்தார்கள். வீடுகள், ஆண், பெண், ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், விவசாயிகள், விவசாயக் கூலிகள் என்று எல்லாம் சேர்த்துத்தான் இருந்தது. போக்குவரத்துப் பகுதி இன்னும் விஸ்தாரம். அரசு பஸ், தனியார் பஸ், ரயில் நிலையம், ஆட்டோ, டிராக்டர், மாட்டு வண்டிக்குக்கூட ஒரு கட்டம்.

பஸ் கட்டத்தில் 'இருக்கிறது' என்று பதிந்திருந்தார்கள். பொய்யில்லை, தாய்க்கிராமத்து ஆலமரத்தடிக்கு பஸ் வருகிறது. அங்கிருந்து கண்மாய்க்கரை வழியே எங்கள் தெருவுக்கு மூன்று கிலோமீட்டர். மழைக்காலத்தில் சித்தி ரேஷன் அரிசியைத் தலையிலும் செருப்பைக் கையிலும் வைத்துக்கொண்டு நடக்கும் அந்தத் தூரத்துக்குக் கட்டம் கிடையாது. 'இல்லை' என்று போட்டிருந்தாலாவது, பஸ் கிடைக்கும் இடம் 5 கிலோமீட்டருக்குள்ளா, 5 முதல் 10-க்குள்ளா, 10-க்கு மேலா என்று ஒரு குறி இருந்திருக்கும். 'இருக்கிறது' என்றதில் அதுவும் போயிற்று.

இந்தத் தாளை இணைத்தால் நம் மனுவை நாமே கெடுத்துக்கொள்வோம் என்றார் அண்ணாச்சி. அலுவலகத்தில் அவர்களே எடுத்துப் பார்க்க மாட்டார்களா என்ன? இணைத்து, பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் தெரு வரை கோடு போட்ட படத்தையும் கீழே வைப்போம் என்று பிடிவாதமாக நின்றேன்.

தலை எண்ணிக்கைக்குத்தான் பெரும்பாடு. அண்ணாச்சி, குடும்பத்துக்கு ஒரு தலைக்கட்டு என்று எழுதி வைத்துக் கொடை வரி வாங்கும் நோட்டைக் கொண்டுவந்தார். பாதித் தலைக்கட்டு தாராவியிலும் திருப்பூரிலும் இருக்கிறது. வரிக்கு அவர்கள் ஊர்க்காரர்கள், பஸ்ஸில் ஏறப்போவது யார்? கடைசியில் கைகொடுத்தது வாக்காளர் பட்டியல். அதில் ஒரு பாகத்துக்குள் தெருவாரியாகப் பிரித்திருப்பார்கள். அந்தப் பக்கங்களை அனுப்பிவைத்தேன். ஊரில் இருக்கும் சித்தப்பா பென்சிலோடு வீடு வீடாகப் போய், பூட்டிக் கிடந்த வீட்டுக்காரர்களின் பெயர்களை அடித்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஓரத்தில் சேர்த்து எழுதினார். மழையில் நனைந்த அந்தத் தாளின் புகைப்படம்தான் என் மொத்த ஆவணங்களிலும் நம்பகமானது.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். அதன் நகலோடு சித்தப்பா ஒரு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து ரசீது வாங்கினார். பஸ் இன்னும் வரவில்லை. தலைக்கட்டு நோட்டைப் புரட்டியதில் என் பெயருக்கு எதிரே இரண்டு வருட வரி பாக்கி இருப்பதை மட்டும் அண்ணாச்சி கண்டுபிடித்துவிட்டார்.