பிளாங்க் போட்டாச்சா?

தென் மாவட்டக் கல்லூரிகளில் வேதியியல் எம்.ஃபில். முடித்தவர்களிடம் ஆய்வேட்டுத் தலைப்பைக் கேட்டுப் பாருங்கள். நிறையப் பேர் ஒரு செடியின் பெயர், மைல்டு ஸ்டீல் (கரிமம் குறைந்த சாதா இரும்பு), ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். அமிலம் இரும்பை அரிப்பதை அந்தச் செடியின் சாறு எவ்வளவு தடுக்கிறது என்பதுதான் ஆய்வு. நானும் அந்தக் கூட்டம்தான். என் செடி ஆடாதொடை.

எல்லாரும் இதையே எடுப்பதற்குக் காரணம் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், கடற்காற்றில் உலோகத் தகடுகளை வைத்து அரிப்பைச் சோதிக்கும் நிலையமும் அவர்களுடையது. அங்கே பழகியவர்களிடம் படித்தவர்கள் கல்லூரிகளுக்கு ஆசிரியர்களாகப் போனார்கள், தலைப்பும் கூடவே போனது. இன்னொன்று, இதற்குச் செலவு குறைவு. நான்கு தசம எடைத்தராசு, தண்ணீர்த் தொட்டி, கொஞ்சம் அமிலம், வேலியில் வளரும் ஒரு செடி இருந்தால் வேலையை ஆரம்பித்துவிடலாம். உதவித்தொகை இல்லாத மாணவிக்கு இது பெரிய விஷயம்.

விஷயம் எளிதுதான். இரும்பை அமிலத்தில் போட்டால் ஹைட்ரஜன் குமிழி விட்டுக் கரையும். ஆலைகளில் இரும்புத் தகட்டின் துருவை எடுக்க அமிலத்தில் முக்குவார்கள். துரு போன பிறகு நல்ல இரும்பும் போகாமலிருக்க, ஹெக்சமின் போன்ற ஒரு தடுப்பானை அதில் கலப்பார்கள். நைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம் உள்ள கரிமச் சேர்மங்கள் உலோகப் பரப்பில் ஒட்டிக்கொண்டு அமிலத்தை அண்டவிடாது. ஆடாதொடையில் வாசிசின் என்ற ஆல்கலாய்டு இருக்கிறது, அதில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள். அதனால் அந்த இலையைத் தேர்ந்தெடுத்தோம். சாறு சேர்க்காத பீக்கரில் தகடு முழுக்கக் குமிழி பொங்கும், பக்கத்திலேயே சாறு சேர்த்ததில் ஒன்றிரண்டு மட்டும் மெல்ல ஏறும். ஆய்வேட்டில் போட்ட எந்த வரைபடத்தையும் விட எனக்கு நம்பிக்கை தந்தது அந்தக் காட்சிதான்.

இலையை நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் பொடித்து, அமிலத்தில் ரிஃப்ளக்ஸ் செய்து (ஆவி குளிர்ந்து திரும்ப உள்ளேயே விழும்படி கொதிக்கவைத்து) வடிகட்டுவது சீக்கிரம் முடிந்துவிடும். நேரத்தைத் தின்றது தகடுகள். லேத் பட்டறையில் ஒரே அளவாக வெட்டி, மேலே நூல் கோக்க ஓட்டை போட்டு வாங்கி வர வேண்டும். பிறகு எமரி தாளில் தேய்ப்பு, கொரகொரப்பான தாளிலிருந்து நைசான தாள் வரை வரிசையாக. அப்புறம் அசிட்டோனில் கழுவி, ஈரம் புகாத டெசிகேட்டர் கலனில் வைக்க வேண்டும். கைரேகை பட்டால் அந்த இடத்திலேயே மறுநாள் துரு. மழைக்காலத்தில் தேய்த்த தகடு அரை நாள்கூடத் தாங்காது. எடை போடும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்த்தபடி, கடைசி இலக்கம் அசையாமல் நிற்கும்வரை காத்திருப்போம்.

என் வழிகாட்டி ஒரு மேடம். அதிகம் பேச மாட்டார். காலையில் ஆய்வகத்தைக் கடந்து போகும்போது எட்டிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இன்னைக்கு பிளாங்க் போட்டாச்சாம்மா?"

பிளாங்க் என்றால் சாறு சேர்க்காத வெறும் அமிலத்தில் வைக்கும் தகடு. முதல் நாள் எடுத்த பிளாங்கையே மாதம் முழுக்க வைத்துக்கொள்ளும் ஆய்வகங்கள் உண்டு. மேடம் அதற்கு ஒப்பவே மாட்டார். காரணத்தை ஒருநாள் கரும்பலகையில் கணக்காகவே போட்டுக் காட்டினார். வெறும் அமிலத்தில் 60 மில்லிகிராம் கரைகிறது, சாறு சேர்த்ததில் 12. தடுப்புத் திறன் 80 சதவீதம். மறுநாள் வெயில் கூடி, அமிலமும் சற்றுச் செறிவாகி, இரண்டும் அதே விகிதத்தில் ஏறி 75, 15 ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். அன்றைய பிளாங்க்கோடு ஒப்பிட்டால் அதே 80. நேற்றைய 60-ஐ வைத்துக் கணக்கிட்டால் 75. சாறு மாறவில்லை, இரும்பு மாறவில்லை, திறன் மட்டும் ஐந்து சதவீதம் குறைந்துவிட்டது! அந்த ஐந்து சதவீதத்தை வைத்துத்தான் பலர் இரண்டு செடிகளை ஒப்பிட்டு எது மேல் என்று எழுதுகிறார்கள்.

அதனால் தினமும் அமிலத்தின் செறிவைச் சோடியம் கார்பனேட்டால் சரிபார்த்து, தினமும் பிளாங்க் வைத்து, ஒவ்வொரு செறிவுக்கும் மும்மூன்று தகடு. பக்கத்து மேசைத் தோழிகள் என்னை விட வேகமாகப் போனார்கள். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. மேடத்திடம் சொன்னதில்லை, அவருக்குத் தெரியாமலும் இருந்திருக்காது.

மின்வேதி அளவீடுகளுக்கு வேறொரு நிறுவனத்துக்குப் பணம் கட்டிப் போனேன். மூன்று மின்முனை, அரிப்பின் மின்னோட்டத்தைக் காட்டும் டாஃபெல் கோடு, மின்தடையைக் காட்டும் இம்பீடன்ஸ் அரைவட்டம். சாறு கூடக்கூட அரைவட்டமும் பெரிதானது, அதாவது அரிப்புக்குத் தடை கூடியது. அதைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது லாங்மியூர் கதை. 1918-இல் அமெரிக்க வேதியியலாளர் லாங்மியூர் தந்த பரப்புக்கவர்ச்சிச் சமன்பாடு, அதாவது ஒரு பரப்பில் மூலக்கூறுகள் ஒட்டுவதற்கான கணக்கு, இந்தத் துறையின் குலதெய்வம். பரப்பில் எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்பது தீட்டா. செறிவைத் தீட்டாவால் வகுத்து, அதைச் செறிவுக்கு எதிராக வரைய வேண்டும். நேர்கோடு வந்தால் லாங்மியூருக்குக் கட்டுப்படுகிறது என்று எழுதிவிடலாம். எனக்கும் நேர்கோடு வந்தது, ஆர் ஸ்கொயர் மதிப்பு (புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒட்டுகின்றன என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.99-க்கு மேல். துள்ளிக்கொண்டு போய்க் காட்டினேன்.

மேடம் ஒரு தாளை எடுத்து, "உன் இஷ்டத்துக்கு 0.6-லேருந்து 0.9-க்குள்ள அஞ்சு நம்பர் சொல்லு" என்றார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: 0.75, 0.68, 0.85, 0.78, 0.88. செறிவு 50, 100, 200, 300, 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). வகுத்துப் போட்டு எக்ஸெல்லில் கோடு இழுத்தோம். ஆர் ஸ்கொயர் 0.987. ஏறி இறங்கும் எண்கள், எந்த விதிக்கும் கட்டுப்படாதவை, அவையும் லாங்மியூர்! விடை கணிதத்திலேயே இருக்கிறது. செறிவு எட்டு மடங்கு மாறும்போது தீட்டா கொஞ்சம்தான் மாறுகிறது. ஆகவே செறிவைச் செறிவுக்கு எதிராகவே வரைந்தது போலத்தான், நேர்கோடு வராமல் என்ன செய்யும்? தீட்டாவை, ஒன்று கழித்தல் தீட்டாவால் வகுத்து வரைந்து பார்த்தால் அந்த எண்களின் சாயம் வெளுத்துவிடும். அங்கே கோடு சுழியிலிருந்து புறப்பட வேண்டும். என் அசல் எண்களை அப்படி வரைந்தபோது கோடு ஓரளவு நேராக வந்தது, ஆனால் சுழியைத் தொடவில்லை. "சரி, அதையும் போடு, தொடலைன்னும் எழுது" என்றார்.

அடுத்து டெல்டா ஜி, சாறு இரும்பில் ஒட்டும்போது வரும் ஆற்றல் மாற்றம். மைனஸ் 20 கிலோஜூல் பக்கம் இருந்தால் இயற்பியல் கவர்ச்சி, மைனஸ் 40-ஐ ஒட்டினால் வேதிப் பிணைப்பு என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. அந்தக் கணக்குக்கு ஒட்டும் பொருளின் மோலார் செறிவு வேண்டும். இலைச்சாறு என்பது என்னென்னவோ கலந்த கஷாயம், அதற்கு ஏது மூலக்கூறு எடை? பிபிஎம்மை வைத்து ஒப்பேற்றிவிடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். "எழுதிடலாம்மா. வைவால யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். அந்த அட்டவணை போனது. வெப்பநிலை கூடினால் திறன் குறைகிறது, ஆகவே பிடிப்பு தளர்வானதாக இருக்கலாம் என்ற ஒரு வரி அங்கே வந்தது. ஆய்வேடு மெலிந்துகொண்டே போவதைப் பார்த்து வீட்டில்கூடக் கவலைப்பட்டார்கள்.

டைப்பிங் சென்டர் அனுபவம் தனி. ஒருமுறை எழுத்துருவை மாற்றியதில் ஆய்வேடு முழுக்கத் தீட்டாக்கள் எல்லாம் ஆங்கில 'கியூ' ஆகிவிட்டன, டெல்டாக்கள் 'டி'. கடைக்காரர் அசரவில்லை, "எல்லா கெமிஸ்ட்ரிக்கும் இப்படித்தான் ஆகும் மேடம்" என்றார். ரெக்சின் அட்டை, தங்க எழுத்து, சான்றிதழ்ப் பக்கத்தில் கையொப்பம். வைவாவில் வெளித்தேர்வாளர் நேராக லாங்மியூருக்குத்தான் போனார். அந்த இரண்டாவது வரைபடத்தில் கொஞ்ச நேரம் நின்றார், கோடு ஏன் சுழியைத் தொடவில்லை என்றார். சாற்றில் பல சேர்மங்கள், எல்லாம் ஒரே மாதிரி ஒட்டாது, லாங்மியூரின் அனுமானமே அங்கே உடைகிறது என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் திருப்பினார்.

இப்போது நான் வேலை பார்ப்பது குளிர்விப்புக் கோபுரங்களுக்கு ரசாயனம் தரும் ஒரு நிறுவனத்தின் ஆய்வகத்தில். அதே தகடுதான், ஆனால் இங்கே எண் பொறித்து, எடை எழுதி, உறையில் வாங்குகிறோம். ஓடும் தண்ணீரில் 30, 60, 90 நாள் வைத்து எடுத்து, துருவை அமிலத்தில் நீக்கி எடை போடுவோம். அலகுகளைச் சரிக்கட்டும் 87.6 என்ற எண்ணை எடை இழப்பால் பெருக்கி, அடர்த்தி, பரப்பு, நேரம் மூன்றாலும் வகுத்தால் ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் அரிப்பு என்று வந்துவிடும். துரு நீக்கும் அமிலம் நல்ல இரும்பையும் கொஞ்சம் தின்னும். அதைக் கழிக்க, தண்ணீரில் போடாத புதுத் தகடு ஒன்றையும் அதே அமிலத்தில் முக்கி எடுக்க வேண்டும். அவசரத்தில் இந்தப் படியைத்தான் முதலில் விடுவார்கள். தண்ணீர் நன்றாகப் பராமரிக்கப்பட்ட ஆலையில் அரிப்பே சில மில்லிகிராம்தான், திருத்தாமல் விட்டால் அறிக்கையில் இருப்பதில் பாதி நம் அமிலம் தின்றதாக இருக்கும். வாடிக்கையாளர் அதைப் பார்த்து மருந்தைக் கூட்டச் சொல்வார். விற்பனைப் பிரிவுக்கு அதில் வருத்தமில்லை.

2022-இல் வந்த யுஜிசி விதிமுறை எம்.ஃபில். படிப்பை முடித்துவைத்தது. எம்.எஸ்சி. கடைசிப் பருவத்துப் புராஜெக்ட்டுக்காக இப்போது பிள்ளைகள் எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறார்கள். தேர்வு, விடுமுறை போக அவர்கள் கையில் நிற்பது மூன்று மாதம். நான்கு வெப்பநிலை, மூன்று செடி, டெல்டா ஜி என்று பெரிய பட்டியலோடு வருவார்கள். ஒரு செடி, ஒரு வெப்பநிலை, ஐந்து செறிவு, மும்மூன்று தகடு, தினமும் பிளாங்க் என்று குறைத்துக் கொடுக்கிறேன். "இதுக்கு பேப்பர் வருமா அக்கா?" என்று கேட்கிறார்கள். வருவது கஷ்டம் என்றுதான் சொல்கிறேன். சிலர் போய்விடுகிறார்கள், சிலர் எமரி தாள் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள்.